டிரான்ஸ்பர் போர்ட்டல்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வீரர் சேர்க்கை மாறிய விதம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஓர் அணி சிதறிப்போனால் அதற்குக் காரணம் டிரான்ஸ்பர் போர்ட்டல் என்கிறார்கள். முன்பின் அறியாத வீரர்களைக் கொண்டு ஓர் அணி திடீரென வென்றாலும் அதே போர்ட்டல்தான் காரணம் என்கிறார்கள். மூத்த பயிற்சியாளர் ஒருவர் ஓய்வு பெற்றாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. இத்தனைக்கும் போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப்பதிவேடு மட்டுமே. மாறியதும் உடனே ஆடும் உரிமையை அது எந்த வீரருக்கும் தரவில்லை. அந்த உரிமையைத் தந்தவை வேறு விதிகள்; அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகளால் மாற்றப்பட்டன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கல்லூரிகள் வீரர்களைத் தேடும் முறை ஏன் இவ்வளவு மாறியது என்பதும், அந்த மாற்றத்தில் உண்மையாகவே இழப்பவர் யார் என்பதும் விளங்கும்.

முதலில் அடிப்படை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பின் பெயர் என்சிஏஏ. அதன் உறுப்புக் கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. தொலைக்காட்சியில் நாம் காணும் பெரிய ஆட்டங்கள் முதற்பிரிவைச் சேர்ந்தவை; அந்தப் பிரிவில் மட்டும் ஆண்கள் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 360-க்கு மேல் உள்ளன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், மார்ச் மாதத்தில், அவற்றுள் 68 அணிகள் தேசிய வாகைக்கான தொடரில் ஆடுகின்றன.

ஓர் ஆண்கள் அணி தரக்கூடிய முழு உதவித்தொகை இடங்கள் நீண்ட காலமாக 13 என்று வரையறுக்கப்பட்டிருந்தன. படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றைக் கல்லூரியே ஏற்றுக்கொள்வதுதான் முழு உதவித்தொகை. ஒரு வீரர் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது பொது விதி. இந்த இரண்டு எண்களையும், அதாவது 13 இடங்கள், ஐந்தாண்டுக்குள் நான்கு பருவங்கள் என்பவற்றை, நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் கணக்குகள் அனைத்தும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

இந்த 13 இடங்களை நிரப்புவதற்காகப் பயிற்சியாளர்கள் செய்யும் தேடல், பேச்சுவார்த்தை, அழைப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே வீரர் சேர்க்கை என்கிறோம். பழைய நாள்களில் அது பெரும்பாலும் பள்ளி மாணவர்களைத் தேடும் வேலையாக இருந்தது. பத்தாம், பதினோராம் வகுப்பில் படிக்கும்போதே திறமையுள்ள மாணவர்களைக் கண்டறிந்து, அவர்களுடைய வீட்டுக்குச் சென்று பெற்றோருடன் பேசி, கல்லூரி வளாகத்துக்கு வரவழைத்துக் காட்டி, இறுதியில் ஓர் ஒப்புகைக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அப்படிச் சேர்ந்த மாணவர் நான்கு ஆண்டுகள் இருப்பார் என்ற எதிர்பார்ப்பில் பயிற்சியாளர் தம் அணியைத் திட்டமிட்டார்.

பழைய விதி: மாறலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு

மாற்றுச் சான்றிதழ் என்னும் டி.சி.யை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு பள்ளியிலிருந்து விலகி இன்னொன்றில் சேர விரும்பும் மாணவருக்குப் பழைய பள்ளி டி.சி. தர வேண்டும். அதைத் தராமல் இழுத்தடித்தால் மாணவர் எங்கும் நகர முடியாது. இப்போது இன்னும் கடுமையான ஒரு விதியைக் கற்பனை செய்யுங்கள்: எந்தப் பள்ளி உங்களிடம் பேசலாம் என்பதைப் பழைய பள்ளியே தீர்மானிக்கும், அதையும் கடந்து நீங்கள் புதிய பள்ளியில் சேர்ந்துவிட்டால், ஓராண்டு முழுவதும் வகுப்பில் உட்காரலாம், ஆனால் தேர்வு எழுத முடியாது. 2018-க்கு முன் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இருந்த நிலை ஏறத்தாழ இதுதான்.

அதில் இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடுகள் இருந்தன. முதலாவது, அனுமதிக் கட்டுப்பாடு. பழைய கல்லூரி இசைவு தந்தால்தான் புதிய கல்லூரியின் பயிற்சியாளர் அந்த வீரருடன் பேச முடியும். இசைவின்றிச் சேர்ந்தால் அங்கே முதலாண்டில் உதவித்தொகை கிடைக்காது. 2012-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து விலக விரும்பிய ஜாரட் யூதாஃப் என்ற இளம் வீரருக்குப் பயிற்சியாளர் போ ரயன் ஒரு நீண்ட தடைப்பட்டியலை விதித்தார். தங்கள் போட்டிக் குழுமமான, அதாவது ஒவ்வொரு பருவத்திலும் தமக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்பான பிக் டென்னில் உள்ள கல்லூரிகளோடு நில்லாமல், இன்னொரு குழுமத்தின் கல்லூரிகள் அனைத்தும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. கண்டனம் எழுந்த பிறகு பட்டியல் சுருங்கியது, ஆனாலும் பிக் டென் தடை நீடித்தது. 2014-இல் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் ஆடிய ஸ்பெயின் நாட்டு வீராங்கனை லெட்டிசியா ரொமெரோவின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. அவரைச் சேர்த்த பயிற்சியாளரையே கல்லூரி பணிநீக்கம் செய்துவிட்டது. அதன் பிறகும் அவர் வெளியேற இசைவு தர மறுத்து, பல வாரங்கள் பிடிவாதம் பிடித்த பிறகே விட்டுக்கொடுத்தது. பயிற்சியாளர்கள் எந்த ஆண்டிலும் வேறு கல்லூரிக்குப் போய்ப் பன்மடங்கு ஊதியம் பெற முடிந்த அதே காலத்தில், அவர்களை நம்பி வந்த மாணவர்கள் இப்படிக் கட்டிவைக்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிட்டு இன்றைய விதிகளை எடைபோடுவது நியாயமாகாது.

இரண்டாவது, காத்திருப்பு ஆண்டு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய வீரர் புதிய இடத்தில் ஓராண்டு படிக்க வேண்டும், அணியுடன் பயிற்சி செய்யலாம், ஆனால் ஆட்டங்களில் இறங்கக் கூடாது. வியப்பு என்னவென்றால், இது எல்லா விளையாட்டுகளுக்கும் கட்டாயமாக இருக்கவில்லை. நீச்சல், டென்னிஸ் போன்றவற்றில் ஒரு முறை தடையின்றி மாற வழி இருந்தது. ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேற்படிப்புக்காக மாறுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. சிறப்புக் காரணம் காட்டி விண்ணப்பித்தவர்களுக்கும் சில வேளைகளில் விலக்கு கிடைத்தது. ஆனால் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாமலிருந்தது.

காத்திருப்பு ஆண்டின் விளைவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் மையம் அதுதான். அந்த ஓராண்டு வீரருக்கு மட்டும் இழப்பாக இருக்கவில்லை. அவரை ஏற்கும் பயிற்சியாளரும் தம்மிடமுள்ள 13 உதவித்தொகை இடங்களில் ஒன்றை, ஆட முடியாத ஒருவருக்காக ஓராண்டு முழுவதும் ஒதுக்க வேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் வெற்றி காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் பயிற்சியாளருக்கு அப்படிப்பட்ட வீரரால் உடனடிப் பயன் இல்லை. ஆகவே இரு தரப்புமே தயங்கின. மாறுதல் அரிதாகவும், பள்ளி மாணவர் சேர்க்கை வழக்கமாகவும் இருந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்த இருவழித் தயக்கமே.

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்துக்கொள்வோம். பழைய முறையில் பூட்டுகள் இரண்டு: பேசுவதற்கு அனுமதி வேண்டும்; மாறிய பின் ஓராண்டு காத்திருக்க வேண்டும். முதற்பூட்டு வீரரைத் தடுத்தது. இரண்டாம் பூட்டு வீரரோடு அவரை விரும்பும் பயிற்சியாளரையும் தடுத்தது.

போர்ட்டல் எதைத் திறந்தது

2018 அக்டோபர் 15 அன்று டிரான்ஸ்பர் போர்ட்டல் நடைமுறைக்கு வந்தது. அது கல்லூரி அலுவலர்களும் பயிற்சியாளர்களும் பார்க்கக்கூடிய ஒரு கணினித் தரவுத்தளம். மாற விரும்பும் வீரர் தம் கல்லூரியிடம் எழுத்தில் தெரிவித்தால் போதும். கல்லூரி இரண்டு வேலைநாள்களுக்குள் அவர் பெயரை அதில் சேர்த்தாக வேண்டும். பெயர் ஏறியதும் எந்தக் கல்லூரியின் பயிற்சியாளரும் அவருடன் பேசலாம். இசைவு கேட்கும் முறை ஒழிந்து, தெரிவிக்கும் முறை வந்தது.

இவ்வளவுதான் போர்ட்டல் செய்தது. முதற்பூட்டு மட்டுமே திறந்தது. காத்திருப்பு ஆண்டு அப்படியே இருந்தது. போர்ட்டலில் பெயர் சேர்த்து, பிடித்த கல்லூரிக்குப் போய், அங்கே ஓராண்டு வெளியே உட்கார்ந்த வீரர்கள் 2019-இலும் 2020-இலும் இருந்தார்கள். எனவே இன்று நாம் காணும் பெருமாற்றத்துக்குப் போர்ட்டலைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

காத்திருப்பு ஆண்டு எப்படி மறைந்தது

இரண்டாம் பூட்டு இரண்டு கட்டங்களாக உடைந்தது. 2021 ஏப்ரலில் என்சிஏஏ தானே முன்வந்து, எல்லா விளையாட்டுகளிலும் ஒரு வீரர் ஒரு முறை மாறி உடனடியாக ஆடலாம் என்று விதித்தது. கூடைப்பந்துக்கு அதுவரை மறுக்கப்பட்டிருந்த வழி அன்று திறந்தது. அதே வேளையில் கோவிட் பெருந்தொற்றின் காரணமாக, 2020-21 பருவத்தில் ஆடிய அனைவருக்கும் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இதனால் 22, 23, சில வேளைகளில் 24 வயது வீரர்கள் அடுத்த சில ஆண்டுகளுக்குக் கல்லூரி அணிகளில் நிறைந்திருந்தார்கள். மாறும் உரிமையும் மாறக்கூடிய மூத்த வீரர்களின் பெருக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

இரண்டாம் முறை மாறுகிறவர்களுக்குக் காத்திருப்பு ஆண்டு இன்னும் இருந்தது. அதை உடைத்தது நீதிமன்றம். வாஷிங்டன், மொன்டானா ஸ்டேட் ஆகிய அணிகளில் ஆடிவிட்டு மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறிய ரேக்வான் பேட்டில் என்பவருக்கு என்சிஏஏ விலக்கு தர மறுத்தது. 2023 டிசம்பரில் ஒஹாயோ தலைமையில் ஏழு மாநிலங்களின் தலைமை வழக்குரைஞர்கள் என்சிஏஏ மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய வாதம் வணிகச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது: கல்லூரிகள் கூடிப் பேசி, வீரர்கள் தம் உழைப்பைக் கொண்டுசெல்லும் இடத்தைக் கட்டுப்படுத்துவது, போட்டியை ஒடுக்கும் கூட்டு ஏற்பாடு; 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் அதைத் தடை செய்கிறது. டிசம்பர் 13 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். பிறகு அமெரிக்க நீதித்துறையும் வழக்கில் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் என்சிஏஏ தன் விதியைத் திருத்தியது: படிப்புத் தகுதியைக் காத்துக்கொள்ளும் வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். அடுத்த மாதம் வழக்கும் உடன்பாட்டில் முடிந்தது.

ஆக, மூன்று படிகள். 2018-இல் அனுமதி தேவையில்லை என்றானது. 2021-இல் முதல் மாறுதலுக்குக் காத்திருப்பு நீங்கியது. 2024-இல் எல்லா மாறுதல்களுக்கும் நீங்கியது. வீரர் சேர்க்கையைத் தலைகீழாக்கியவை பின்னிரண்டு படிகளே.

பணம் எங்கே நுழைந்தது

மாறுதல் விதியையும் பணத்தையும் ஒன்றாகக் குழப்புவது மிகப் பரவலான தவறு. இரண்டும் தனித்தனி விதிகள். ஆனால் ஒரே கோடைக்காலத்தில் சந்தித்தன. கலிபோர்னியா 2019-இல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்கள், கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பணம் பெறலாம் என்று சட்டம் செய்தன. 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏயும் அதை ஏற்றது. இந்த வருமானத்தை என்ஐஎல் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

விளம்பர வருமானம் என்ற பெயரில் வந்தாலும், கல்லூரியின் செல்வந்த ஆதரவாளர்கள் பணம் திரட்டி வீரர்களை ஈர்க்கும் கருவியாக அது விரைவில் மாறியது. 2022-இல் கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து மயாமிக்கு மாறிய நைஜல் பேக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 8 லட்சம் டாலர் என்று ஒரு தொழிலதிபர் வெளிப்படையாகவே அறிவித்தார். பேக் இடம்பெற்ற மயாமி அணி அடுத்த ஆண்டு இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. 2025 ஜூன் மாதம் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த வேறொரு வழக்கின் உடன்பாட்டின்படி, 2025-26 கல்வியாண்டு முதல் கல்லூரிகளே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்த உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் 13 உதவித்தொகை என்ற வரம்பு நீங்கி, அணியில் 15 பேர் என்ற வரம்பு வந்தது.

பணம் மட்டும் வந்து, காத்திருப்பு ஆண்டு நீடித்திருந்தால் இவ்வளவு அசைவு ஏற்பட்டிருக்காது. காத்திருப்பு ஆண்டு மட்டும் நீங்கி, பணம் வராமலிருந்தாலும் இவ்வளவு ஏற்பட்டிருக்காது. நகர்வதற்கான விலை விழுந்த அதே நேரத்தில் நகர்வதற்கான பலன் உயர்ந்தது.

பயிற்சியாளரின் கணக்கு

இனி ஒரு பயிற்சியாளரின் இடத்திலிருந்து பார்ப்போம். அவர் முன் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இருவர் கிடைக்கிறார்கள். ஒருவர் 18 வயதுப் பள்ளி மாணவர். ஆற்றல் உள்ளவர், ஆனால் கல்லூரி அளவிலான உடல் வலுவை எதிர்த்து இதுவரை ஆடியதில்லை. பலன் தருவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகலாம். மற்றவர் 22 வயதுடையவர்; மூன்று பருவங்களில் ஏறத்தாழ 90 கல்லூரி ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்; அவருடைய மூன்று புள்ளி எறிதல், தற்காப்பு, தவறுகள் எல்லாம் காணொளியிலும் எண்களிலும் பதிவாகியிருக்கின்றன; வரும் நவம்பரிலேயே களமிறங்குவார்.

முன்பு இந்த ஒப்பீட்டில் பள்ளி மாணவருக்குச் சாதகமாக இரண்டு கூறுகள் இருந்தன. மூத்த வீரர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளி மாணவரை வளர்த்தால் அந்த வளர்ச்சியின் பலன் மூன்றாம், நான்காம் ஆண்டில் நமக்கே கிடைக்கும் என்பது மற்றொன்று. இன்று இரண்டுமே இல்லை. மூத்தவர் உடனே ஆடுகிறார். இளையவரோ, நன்றாக வளர்ந்தால் பெரிய கல்லூரிக்குப் போய்விடுவார், வளராவிட்டால் ஆட வாய்ப்புத் தேடிச் சிறிய கல்லூரிக்குப் போய்விடுவார். வளர்ப்பதற்குச் செலவிட்ட உழைப்பு வேறெங்கோ போய்ச் சேருகிறது. பயிற்சியாளர்கள் திட்டமிடும் காலம் நான்காண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அவர்களுடைய குணம் திடீரென மாறிவிடவில்லை.

இதன் விளைவுகளை அண்மைப் பருவங்களில் தெளிவாகக் காணலாம். 2024 ஏப்ரலில் கென்டக்கியின் பயிற்சியாளர் ஜான் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனார். அவருக்குப் பின் மார்க் போப் பொறுப்பேற்றபோது, முந்தைய அணியில் உதவித்தொகை பெற்ற ஒருவர்கூட மிஞ்சவில்லை. கலிபாரி ஆண்டுதோறும் நாட்டின் தலைசிறந்த பள்ளி மாணவர்களைக் கொண்டு அணி அமைத்தவர். போப் சில வாரங்களிலேயே சான்டியேகோ ஸ்டேட், ட்ரெக்செல், டேட்டன், வேக் ஃபாரஸ்ட், ஓக்லஹோமா எனப் பல இடங்களிலிருந்து அனுபவமுள்ள வீரர்களைத் திரட்டினார். அந்த அணி 2025 தேசியத் தொடரில் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக வந்தது. அதே தொடரில் ஃபுளோரிடா வாகை சூடியது. இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று வென்ற அதன் தொடக்க ஐவரில் நால்வர் வேறு கல்லூரிகளில் தொடங்கியவர்கள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும், ரூபென் சின்யேலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்தும் வந்தவர்கள். பெண்கள் கூடைப்பந்திலும் இதே போக்குதான்: மேரிலாந்திலிருந்து எல்எஸ்யூ என்னும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஏஞ்சல் ரீஸ், மாறிய முதல் பருவத்திலேயே, 2023-இல், தேசிய வாகையை வென்றார்.

நாள்காட்டியும் மாறிவிட்டது. ஏப்ரல் முன்பு பயிற்சியாளர்கள் மூச்சுவிடும் மாதமாக இருந்தது. இன்று அதுவே ஆண்டின் மிகக் கடினமான மாதம். வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன், தம் அணியில் இருப்பவர்களையே மறுபடி பேசித் தக்கவைக்க வேண்டியிருக்கிறது. இதற்கென்று தொழில்முறை அணிகளைப் போலப் பொது மேலாளர்களைக் கல்லூரிகள் நியமிக்கத் தொடங்கின. டியூக் பல்கலைக்கழகம் 2022-இலேயே ரேச்சல் பேக்கரை அப்பொறுப்பில் அமர்த்தியது. இந்தச் சுமையை விரும்பாத பயிற்சியாளர்கள் விலகியும் போனார்கள். வர்ஜீனியாவுக்கு 2019-இல் தேசிய வாகையைப் பெற்றுத்தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஓய்வை அறிவித்தார். மயாமியின் ஜிம் லாரனாகா அந்தப் பருவத்தின் நடுவிலேயே விலகினார்.

சிறிய கல்லூரிகள் படும் பாடு

2022 மார்ச்சில் ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி, தொடரின் நான்கு மண்டலங்களில் ஒன்றில் 16 இடத் தரவரிசையின் 15-ஆம் இடம் பெற்ற அணியாக நுழைந்து, கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டியூ ஆகியவற்றை வரிசையாக வீழ்த்திக் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றானது. 15-ஆம் தர அணி எதுவும் அதுவரை அவ்வளவு தூரம் வந்ததில்லை. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார்; அந்த அணியின் முதன்மை வீரர்கள் பலரும் வெவ்வேறு கல்லூரிகளுக்குப் பிரிந்துவிட்டார்கள். ஊரே கொண்டாடிய அணி ஒரு கோடையில் கலைந்தது.

இதைக் கண்டு பலர் கோபப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் வீரர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டால்டன் நெக்ட் பள்ளியை முடித்தபோது பெரிய கல்லூரிகள் அவரை நாடவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் தொடங்கி, வடக்குக் கொலராடோவில் ஆடி, 2023-இல் டென்னசிக்கு மாறினார். மறு ஆண்டே தம் போட்டிக் குழுமத்தின் சிறந்த வீரராகி, தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏயின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின் முதற்சுற்றில் எடுக்கப்பட்டார். ஜாக் கோல்கி இரண்டாம் பிரிவில் உள்ள ஹில்ஸ்டேல் கல்லூரியில் ஐந்தாண்டுகள் இருந்துவிட்டு, மிச்சிகனின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2024 மார்ச்சில் கென்டக்கிக்கு எதிராகப் பத்து மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். ஓக்லாந்து 80-76 என வென்றது. 17 வயதில் தவறாக மதிப்பிடப்பட்ட ஒருவர் 22 வயதில் தம் இடத்தைக் கண்டடைவது நல்லதுதான்.

இருந்தாலும் சிறிய கல்லூரியின் சேர்க்கை முறை முழுமையாக மாறியிருக்கிறது. பெரியவர்கள் தவறவிட்ட திறமையை முன்கூட்டியே கண்டறிந்து, பொறுமையாக வளர்த்து, நான்காம் ஆண்டில் அறுவடை செய்வதே அவர்களுடைய ஒரே வலிமையாக இருந்தது. பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீபன் கரி, டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் 2006 முதல் மூன்று பருவங்கள் ஆடினார். 2008-இல் அந்த அணியைக் கடைசி எட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அங்கேயே திரும்பி வந்து ஆடினார். இன்றைய விதிகளில் அப்படியொரு வீரரை முதலாண்டின் முடிவிலேயே பெரிய கல்லூரிகள் பெரும் பணத்துடன் அணுகும். அதே டேவிட்சன் 2025-இல் கரியை உதவிப் பொது மேலாளராக அமர்த்தியிருக்கிறது என்பது, சிறிய கல்லூரிகளுக்கு இன்று எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

பள்ளி மாணவருக்கு நேர்ந்தது

என் பார்வையில் இந்த மாற்றத்தில் மிகுதியாக இழப்பவர் யாரும் பேசாத ஒருவர்: நாட்டின் முதல் 100 பேருக்குள் வராத, ஆனால் முதற்பிரிவில் ஆடும் தகுதியுள்ள பள்ளி மாணவர். கூப்பர் ஃபிளாக் போன்றவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவரைப் போன்ற முதலாண்டு மாணவர்களை நம்பியே டியூக் 2025-இல் இறுதி நான்குக்கு வந்தது. அரிய திறமைக்கு எப்போதும் இடம் உண்டு.

அதற்கு அடுத்த படியில் இருப்பவரின் கதை வேறு. முன்பு நடுத்தரக் கல்லூரி ஒன்று அவரை எடுத்து மூன்றாண்டுகள் வளர்த்திருக்கும். இன்று அந்த இடத்தில், பெரிய கல்லூரியில் ஆட வாய்ப்புக் கிடைக்காமல் கீழிறங்கி வரும் 20 வயது வீரர் நிற்கிறார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என இரு திசையிலும் வீரர்கள் நகரும்போது, நிரம்பாத இடங்கள் குறைகின்றன. 2025-இல் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டலில் பெயர் சேர்த்தார்கள். 360-க்குச் சற்று மேற்பட்ட அணிகளோடு வைத்துப் பார்த்தால், சராசரியாக ஓர் அணிக்கு ஐந்து பேருக்கு மேல். அத்தனை பேரையும் பார்த்து முடிக்கும் வரை பல பயிற்சியாளர்கள் பள்ளி மாணவருக்கு உறுதியான பதிலைத் தருவதில்லை. ஆகவே அந்த மாணவர் கல்லூரிக்கு முன் தயார்ப்படுத்தும் ஆயத்தப் பள்ளியில் கூடுதலாக ஓராண்டு செலவிடுகிறார். அல்லது இரண்டாண்டுக் கல்லூரிக்கோ இரண்டாம் பிரிவுக்கோ போய், அங்கிருந்து மேலேறலாம் என்று நம்புகிறார்.

போர்ட்டலில் பெயர் சேர்ப்பதன் பொருள்

கடைசியாக, புதியவர்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளும் சில செய்திகள். போர்ட்டலில் பெயர் சேர்த்துவிட்டால் புதிய இடம் உறுதி என்று பொருளில்லை. பெயர் சேர்த்த பிறகு, நடப்புக் கல்விப் பருவத்தின் முடிவில் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திவிடலாம். பெயரைத் திரும்பப் பெறலாம். ஆனால் பழைய அணி மறுபடி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் அழைக்காமல், உதவித்தொகையும் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். செய்திகளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

எப்போது வேண்டுமானாலும் பெயர் சேர்க்க முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கென்று ஒரு காலவரம்பு உண்டு. கூடைப்பந்தில் அது 2022-இல் 60 நாள்களாக அறிமுகமாகி, பிறகு 45 நாள்களாகவும், 2025-இல் 30 நாள்களாகவும் குறைக்கப்பட்டது. இந்த வரம்பு பெயர் சேர்ப்பதற்கு மட்டுமே. புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அதற்குப் பிறகும் நேரம் உண்டு. பெயர் ஏறுவதற்கு முன் வேறு கல்லூரியின் பயிற்சியாளர் வீரருடன் பேசுவது விதிமீறல். இடைத்தரகர்கள் வழியாக அது நடக்கிறது என்று பயிற்சியாளர்களே வெளிப்படையாகக் குறைகூறி வருகிறார்கள்.

படிப்பும் கணக்கில் உண்டு. ஆடத் தகுதி பெற, ஒரு வீரர் மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் தம் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டையும், நான்காம் ஆண்டுக்கு முன் 60 விழுக்காட்டையும், ஐந்தாம் ஆண்டுக்கு முன் 80 விழுக்காட்டையும் முடித்திருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் முடித்த பாடங்கள் அனைத்தையும் இன்னொரு கல்லூரி தன் பட்டத்துக்கு ஏற்பதில்லை. இரண்டு, மூன்று முறை மாறுகிறவர் ஒவ்வொரு முறையும் சில பாடங்களை இழக்கக்கூடும். பணமும் ஆட்ட நேரமும் பேசப்படும் அந்தச் சில வாரங்களில் இதைப் பற்றிக் கேட்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரிடமே விடப்படுகிறது.

காத்திருப்பு ஆண்டைத் திரும்பக் கொண்டுவர என்சிஏஏ விரும்பினாலும், மாநிலங்கள் தொடுத்த வழக்கில் 2024-இல் ஏற்பட்ட உடன்பாடு அதற்கு இடம் தருவதில்லை. எனவே அது இரண்டு திசைகளில் முயல்கிறது. வணிகச் சட்டத்திலிருந்து தனக்கு விலக்கு தருமாறு அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுவருகிறது. பெயர் சேர்க்கும் நாள்களையும் குறைத்துவருகிறது. கல்லூரிகளோ தங்கள் பங்குக்கு வேறொரு வழியைக் கையாளத் தொடங்கியிருக்கின்றன. நேரடியாகப் பணம் தரும் ஒப்பந்தங்களில், காலம் முடியும் முன் வீரர் வெளியேறினால் ஒரு தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவைச் சேர்க்கின்றன. பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களில் இத்தகைய பிரிவு நெடுங்காலமாக உண்டு. ஆனால் பயிற்சியாளருக்கு முகவரும் வழக்குரைஞரும் பக்கத்தில் இருக்கிறார்கள். 18 வயது மாணவரின் கையில் அதே தாள் கொடுக்கப்படும்போது, அதைப் படித்து விளக்க அவருக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.